கண்ணுக்குப் பரவும் புற்றுநோய்: மங்கும் பார்வையை அலட்சியம் செய்ய வேண்டாம்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய பெண்ணுக்குச் சில ஆண்டுகளின் பின் ஒரு கண் மங்குகிறது. வலி இல்லை. வயது காரணம், கண்ணாடி போட்டால் சரி என்று நினைப்பார். கிளினிக் போனால் அன்றைய சம்பளம் இல்லை. ருவான்வெல்லை போன்ற பகுதிகளின் தோட்டங்களில் இப்படியே மாதங்கள் கடந்துவிடலாம். ஆனால் ஒருமுறை புற்றுநோய் வந்தவருக்குக் கண் மங்கினால் காத்திருக்கக் கூடாது.

ஏன் கண்?

விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய படலம் இருக்கிறது. இரத்தத்தோடு வரும் புற்றுக் கலங்கள் பெரும்பாலும் அங்கேதான் தங்குகின்றன. பெண்களில் மார்பகப் புற்றுநோயும் ஆண்களில் நுரையீரல் புற்றுநோயும் முதன்மையான காரணங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 420 நோயாளிகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்குக் கண்ணில் கட்டி தெரிந்தபோது உடலில் புற்றுநோய் இருப்பதே முன்னர் தெரிந்திருக்கவில்லை.

அறிகுறிகள்

பார்வை மங்குதல், நேர்கோடு வளைந்து தெரிதல், மின்னல் போன்ற ஒளி, மிதக்கும் புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுந்தது போன்ற நிழல். கண்குழிக்குப் பரவினால் பொருள்கள் இரண்டாகத் தெரியலாம். கண் வெளியே தள்ளலாம்.

சிகிச்சை

கண்ணை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே பலர் ஒதுங்குகிறார்கள். பார்வை போய், தாங்க முடியாத வலியும் இருந்தால் மட்டுமே பொதுவாக அந்த முடிவு எடுக்கப்படுகிறது. கீமோதெரபி, ஹோர்மோன் மாத்திரை, இலக்கு மருந்து ஆகியவை உடல் முழுவதும் வேலை செய்வதால் கண்ணிலுள்ள கட்டியும் சுருங்கலாம். பார்வைக்கு ஆபத்து நெருங்கினால் கண்ணுக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்படும். இது வழக்கமாக 2 முதல் 4 வாரங்கள் வரை, சிறு பங்குகளாக நடக்கும். பின்னாளில் கண் வறட்சி, கண்புரை, விழித்திரைப் பாதிப்பு ஏற்படலாம். பரவிய நோயை முற்றாக நீக்குவது அரிது. ஆனால் நேரத்துக்குத் தொடங்கினால் பலருக்குப் பார்வை நிலைக்கிறது, சிலருக்குத் திரும்புகிறது. மூளைக்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பதும் உண்டு.

எங்கே போவது?

ருவான்வெல்லைப் பகுதியினர் முதலில் கரவனெல்ல ஆதார வைத்தியசாலையிலோ கேகாலை வைத்தியசாலையிலோ காட்டலாம். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. புற்றுநோய்க்கான அபேக்ஷா வைத்தியசாலை இருக்கும் மஹரகம நகரம் அவிசாவளையிலிருந்து கொழும்பு செல்லும் ஹைலெவல் வீதியில் உள்ளது. வடக்கில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

பழைய கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் மருந்துத் துளி விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். துணைக்கு ஒருவர் வேண்டும். சிங்களம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. “எனக்கு முன்பு புற்றுநோய் இருந்தது” என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.