உறக்க மந்தநிலையும் வாகனம் ஓட்டுதலும்

உறக்கத்திலிருந்து விழித்தவுடன் மூளை முழுமையாகச் செயல்படுவதில்லை. கவனமும் முடிவெடுக்கும் திறனும் ஏறத்தாழ அரை மணி நேரம் வரை குன்றியிருக்கலாம். இதுவே உறக்க மந்தநிலை எனப்படும்.

2010 மே 22 அன்று காலை, துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் உயிரிழந்தனர். தலைமை விமானி பயணத்தின்போது நெடுநேரம் உறங்கியிருந்தார். தரையிறங்குவதைக் கைவிடுமாறு துணை விமானி கூறியும் அவர் ஏற்கவில்லை. உறக்க மந்தநிலை அவரது முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கலாம் என விசாரணை நீதிமன்றம் குறிப்பிட்டது.

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, சற்றே கண்ணயர்ந்து, விடிவதற்குள் ஊர் சேரும் அவசரத்தில் வாகனத்தை எடுப்போருக்கும் இதே ஆபத்து உண்டு.

கவனத்தில் கொள்ள வேண்டியவை:

• அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். இயன்றவரை விடிந்தபின் புறப்படவும்.
• விழித்த பின் அரை மணி நேரம் கழித்தே ஓட்டவும்.
• தேநீர் உறக்கத்திற்கு மாற்றாகாது.
• உடன் வருபவர் நிறுத்தச் சொன்னால், உடனே நிறுத்தவும்.