வைத்தியக் கல்லூரியின் வாயிற்படி

1870ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி கொழும்பு நகரில் வைத்தியப் பாடசாலை ஒன்று திறக்கப்பட்டது. தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் அதனைத் திறந்து வைத்தார். 25 மாணவர் சேர்ந்தனர். பாடசாலை பிறந்தது கொழும்பிலாயினும் அதற்கான எண்ணம் வளர்ந்தது வன்னிநாட்டின் துயரத்திலிருந்தே. வன்னிக் கிராமங்கள் நோயினாற் குடியிழந்து வந்த காரணத்தை ஆராயுமாறு வட மாகாண அரசாங்க வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் பணிக்கப்பட்டார். பறங்கிப்புண் என்னும் கொடிய நோய் அங்கே ஊர் ஊராகப் பரவியிருந்தது. நாட்டவரையே வைத்தியராகப் பயிற்றினாலன்றி இக்குறை தீராது என்னும் கருத்து அவ்வாராய்ச்சியின் பின்னர் வலுப்பெற்றது. புதிய பாடசாலையின் முதல் அதிபராக லூஸ் அவர்களே அமர்ந்தார்.

மன்னாரின் பெருநிலப்பகுதி இவ்வன்னியை ஒட்டிக் கிடப்பது. வைத்தியரின்மையால் வருந்திய நிலத்தின் அயலவருக்கு, வைத்தியராகும் வழி எளிதாகத் திறந்திருக்க வேண்டுமன்றோ? வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. வைத்தியக் கல்லூரியின் கதவுக்கு முன்னே ஒரு வாயிற்படி இருந்தது, இன்றும் இருக்கின்றது. வைத்தியத்தைக் கற்கத் தொடங்குமுன் கற்றிருக்க வேண்டிய இரசாயனமும் பௌதிகமும் உயிரியலுமே அவ்வாயிற்படி. அதனை எந்த வயதில், எந்த இடத்தில் மிதிப்பது என்பது காலந்தோறும் மாறி வந்தது. அம்மாற்றத்தின் கதையே மன்னார் மாணவரின் கதையுமாகும்.

கொழும்புப் பாடசாலைக்கு இருபதாண்டுகளுக்கு மேல் முன்னரே யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, சிறிது காலத்துள் மாணவரைச் சேர்த்துப் பயிற்றத் தொடங்கினார். பின்னர் மானிப்பாய் அவருடைய பணிக்களமாயிற்று. தொடக்கத்தில் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலத்தோடு கணிதத்தையும் இயற்கை விஞ்ஞானத்தையும் கற்பித்து வந்தது. அத்திவாரம் இடும் வேலையை அது செய்ய, அதன்மேற் கட்டடம் எழுப்பும் வேலை வைத்திய ஆசிரியருக்கு எளிதாயிற்று. 1855இல் செமினரி மூடப்பட்டது. 1860களில் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலானார். நூல்களையும் தமிழிற் பெயர்ப்பித்தார். சத்திர சிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. இரசாயன நூலாகிய 'கெமிஸ்தம்' வெளிவந்ததோ 1875இல். அதற்கு இரண்டாண்டுகட்கு முன்பே கிறீன் இலங்கையை விட்டுச் சென்றுவிட்டார். முதலிற் கற்க வேண்டிய விஞ்ஞானத்தின் நூல் பின்னர் வந்தது. ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்க்கு வேண்டிய அனைத்தையும் தாமே வாய்மொழியாகவும் கைச்செய்கையாகவும் கற்பித்த காலத்தில் இம்முறைமாற்றம் பெருங்கேடு செய்யவில்லை. வாயிற்படி அன்று வீட்டினுள்ளேயே இருந்தது.

கொழும்புப் பாடசாலை 1880இல் இலங்கை வைத்தியக் கல்லூரியென உயர்ந்தது. மூன்றாண்டுப் படிப்பு படிப்படியாக ஐந்தாண்டாயிற்று. வைத்தியம் விரிய விரிய, அதன் முன்பாடங்களும் தனித்துறைகளாய்ப் பிரிந்து நின்றன. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபின், வைத்தியம் பயில விழைவோர் முதலில் அங்கே பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்பவற்றைக் கற்று, அதன்பின்னரே உடற்கூற்றியலுக்குச் செல்லும் ஒழுங்கு நிலைபெற்றது. 1942இல் வைத்தியக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகமாகியபோதும் முதலாம் எம்.பி. பரீட்சை என்னும் பெயரில் அப்படி இருந்தது. வாயிற்படி வீட்டை விட்டுச் சற்று வெளியே வந்தது; ஆயினும் அதே நகரில், அதே வளவின் அருகிலேயே இருந்தது.

இவ்வேற்பாடு மன்னார் மாணவனுக்கு நன்மையும் தீமையும் உடையதாயிருந்தது. 1914 முதல் தலைமன்னார்ப் புகைவண்டி அவனைக் கொழும்புக்குக் கொண்டு செல்லக் காத்திருந்தது. ஊர்ப்பள்ளியில் ஆய்வுகூடம் குறைவுடையதாயினும், கொழும்பில் முன்பாடங்களை நல்லாசிரியரிடம் முறையாகக் கற்கலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஏற்பட்ட குறையை அங்கே ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அவ்வாண்டின் விடுதிச் செலவைத் தாங்கவல்ல குடும்பத்துப் பிள்ளைக்கே அவ்வாய்ப்பு. முத்துச்சிப்பிக் கரையில் வாழ்ந்த மீனவனுக்கோ, கட்டுக்கரைக்குளத்தின்கீழ் நெல் விளைத்த உழவனுக்கோ அது எட்டாக் கனியாகவே இருந்தது.

இங்கே நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1902இல் விலங்கியல் அறிஞர் ஹேர்ட்மன் இங்கிலாந்திலிருந்து வந்தார். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை அவரும் ஹோர்னெல் என்பவரும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிடப்பட்டது. விலங்கியலின் மூலப்பொருள் மன்னார்க் கடலிற் கிடந்தது; அதனைக் கண்டறியும் கல்வி கடல் கடந்து வந்தது. கரையில் நின்ற சிறுவனுக்குச் சிப்பி தெரியும். அதனை அறுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் காட்டும் ஆசிரியரே அவனுக்குத் தேவைப்பட்டார்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் மத்திய மகா வித்தியாலயங்கள் பெருகின. கட்டணத் தடை நீங்கியது. 1960களில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஏற்பட்டு, பல்கலைக்கழகம் புகும் வாயிலாக அமைந்தது. பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்னும் நான்கும் பள்ளிப் பாடங்களாகவே முடிவு செய்யப்பட வேண்டியவையாயின. இம்மாற்றம் அமைதியாக நிகழ்ந்தது. ஆனால் அதன் விளைவு பெரிது. வாயிற்படி கொழும்பிலிருந்து எழுந்து, ஊர்ப்பள்ளியின் உயர்தர வகுப்புக்குள் வந்து அமர்ந்தது. பத்தொன்பது வயதில் நிரப்பக்கூடியதாயிருந்த குறையை இனிப் பதினாறு வயதிலேயே நிரப்ப வேண்டும். நல்ல ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் வாய்ந்த பள்ளியிற் பயின்றோர் முந்தினர்; வாய்க்கப் பெறாதோர் பிந்தினர். திறமையைப் பரீட்சை அளந்தது. அதனோடு இடத்தையும் சேர்த்தே அளந்தது.

இவ்வேறுபாட்டைத் திருத்துவதாகக் கூறி அரசு எடுத்த முதற்படி நீதியானதன்று. 1971இல் மொழிவாரியாகப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. வைத்தியத் துறைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 400க்கு 250 புள்ளிகள் பெற வேண்டும். சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதும் என்றாயிற்று. அது தமிழ் மாணவர் நெஞ்சில் ஏற்படுத்திய புண்ணையும் அதன் பின்விளைவுகளையும் நாடு நன்கறியும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர்க்கு அது மேலும் ஓர் இழப்பாயிற்று. ஆனால் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, மன்னார் உட்பட, அது ஒரு கதவைத் திறந்தது. ஒரே மொழி பேசும் அயல் மாவட்டங்கள் இரண்டு, ஒரே விதியினால் எதிரெதிர்த் திசையிற் தள்ளப்பட்டன. இதனை மறைக்காமற் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை. விதிகள் பலமுறை மாறி, இன்று வைத்தியம் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. பின்தங்கியவற்றின் வரிசையில் மன்னாரும் உளது.

ஆயினும் ஒதுக்கீடு இடத்தைத் தரும், விஞ்ஞானத்தைத் தராது. இன்று உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்னும் மூன்றிலும் ஒரே அமர்வில் தேர்ச்சி பெற்றே ஆகவேண்டும். பல்கலைக்கழகம் புகுவதற்கு மூன்று முறைக்கு மேற் தோற்ற முடியாது. மூன்றிலொரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில், மற்றிரண்டிலும் ஒரு பிள்ளை எத்துணைச் சிறந்தாலும் படி கடக்க இயலாது. மேலும், பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளின் பெரும்பகுதியை மாணவர் எந்த மாவட்டத்துப் பள்ளியிற் கழித்தாரோ, அம்மாவட்டமே அவருடையதாகக் கொள்ளப்படுகின்றது. எனவே நல்ல ஆய்வுகூடத்தைத் தேடி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ காலத்தோடு செல்பவர் மன்னாருக்குரிய ஒதுக்கீட்டை இழக்கிறார். ஒதுக்கீட்டைக் காக்க ஊரிலேயே தங்குபவர் ஆய்வுகூடத்தை இழக்கக்கூடும். பெற்றோர் பலருக்கு இதுவே உறக்கங் கெடுக்கும் கேள்வி.

போரும் இக்கேள்வியைக் கடினமாக்கியது. 1990இல் தலைமன்னார்ப் புகைவண்டி நின்றது. அதே ஆண்டில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மன்னார்ப் பள்ளிகள் பல வெறுமையாயின. 2007 முதல் 2009 வரை மாந்தைப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து அலைந்தனர். உயர்தர வகுப்பின் இரண்டாண்டு ஒரு மாணவனுக்கு ஒருமுறைதான் வரும். கூடாரத்தில் அது கழிந்தால் எந்த விதியும் அதனைத் திருப்பித் தராது. புகைவண்டி 2015இல் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. அதற்குள் ஒரு தலைமுறை பள்ளியைக் கடந்துவிட்டது.

கட்டுக்கரைக்குளத்தின்கீழ் வேளாண்மை செய்வோர் விதைப்பு நாளைக் குளத்து நீரோடு சேர்த்தே கணிப்பர். பிந்தி விதைத்தவன் பின்னர் எத்துணை நீர் பாய்ச்சினாலும் முந்தியவனோடு ஒப்ப அறுவடை செய்யான். விஞ்ஞானக் கல்வியும் அத்தகையதே. உயர்தர வகுப்பில் வந்த பின்னர் முதன்முதலாகக் குடுவையையும் உருப்பெருக்கியையும் காண்பவன், இரண்டாண்டுக்குள் இரண்டு பயிர் விளைக்க முயல்பவனாவான். ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புகளில் செய்முறை அறிந்து வந்தவனுக்கு உயர்தரப் பாடம் முன்னமே பழகிய நிலம்.

ஆகவே மன்னாரின் பெற்றோரும் பள்ளிகளும் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணதரப் பெறுபேறு வந்தபின் தொடங்கற்பாலனவல்ல. பள்ளியில் மூன்று பாடங்களுக்கும் நிலையான ஆசிரியர் உளரா? ஆய்வுகூடத்தின் கதவு வாரத்தில் எத்தனை முறை திறக்கப்படுகின்றது? பிள்ளை கணிதத்தில் உறுதியுடையவனா? இவற்றுக்கு விடை தெரிந்தபின்னரே, ஊரில் தங்குவதா, வெளியூர் செல்வதா என்று முடிவு செய்தல் தகும். அரசுக்கும் அதே காலக்கணக்கு உண்டு. பின்தங்கிய மாவட்டமென ஐந்து விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு, அம்மாவட்டத்தின் பௌதிக ஆசிரியர் வெற்றிடத்தை ஆண்டுக்கணக்கில் விட்டு வைப்பது, கதவைத் திறந்து வைத்துப் படியை இடித்து விடுவதற்கு ஒப்பாகும்.

வன்னியின் நோயைக் கண்டு 1870இல் ஒரு பாடசாலை எழுந்தது. அப்பாடசாலையின் வழித்தோன்றலாகிய வைத்திய பீடங்களிலே மன்னார்ப் பிள்ளைகள் கற்று, அவர்களுட் சிலர் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே திரும்பி வந்து பணிபுரிவதற்கு வேண்டிய ஏற்பாடு, கொழும்பிலன்று, மடுவிலும் முருங்கனிலும் தலைமன்னாரிலும் உள்ள ஒன்பதாம் வகுப்பு அறைகளிலேயே தொடங்க வேண்டியதாகும்.