கொக்கிப்புழுவின் வழித்தடம்: கெய்ரோவிலிருந்து வால்பாறை வரை



ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூல் 'அல்கானூன் ஃபித்திப்'. அதன் மூன்றாம் நூல் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பின் நோயையும் பேசுகிறது. குடலைப் பற்றி எழுதுமிடத்தில், அதில் வாழும் புழுக்களை அவர் நான்காகப் பிரிக்கிறார்: நீண்டு பெருத்தவை, தட்டையானவை, உருண்டையானவை, சிறியவை. (இறையியலில் அவரை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கடுமையாக மறுத்தார்கள் என்பது நம் மாணவர்கள் அறிந்ததே. மருத்துவத்தில் அவருடைய இடம் வேறு.)

நீண்டவற்றை நம் வீடுகளில் நாக்குப்பூச்சி என்போம். தட்டையானவை நாடாப்புழுக்கள். சிறியவை, இரவில் பிள்ளைகளை அரிப்பால் தூங்கவிடாத கீரிப்பூச்சிகள். அப்படியானால் உருண்டையானவை எவை? எகிப்திய ஒட்டுண்ணியியலாளர் முஹம்மது கலீல் 1922இல் அப்பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டு, அவை கொக்கிப்புழுக்களே என்று வாதிட்டார். இப்னு சீனாவின் வருணனை மிகச் சுருக்கமானது. அதை மட்டும் கொண்டு அறுதியிட இயலாது என்பதே என் கருத்து. மேலும், குடலில் தேங்கி அழுகும் சளியிலிருந்து புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று அக்கால மருத்துவர்களைப் போல அவரும் நம்பினார். தாமே தோன்றுதல் என்னும் அந்தக் கொள்கையை இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ ரெடி 1668இல் இறைச்சியையும் ஈக்களையும் வைத்துச் செய்த சோதனைகளே முதன்முதலில் அசைத்தன.

இதை வேண்டுமென்றே எழுதுகிறேன். "எல்லாவற்றையும் நம்மவர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்னும் பேச்சு மேடைகளில் பெருகிவிட்டது. பஸராவின் அல்ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில், ஒன்றையொன்று வேட்டையாடும் உயிர்களின் போராட்டத்தையும், வாழிடம் விலங்குகளின் மீது ஏற்படுத்தும் மாற்றத்தையும் நுட்பமாக எழுதினார். அதற்காக டார்வினின் கொள்கையையே அவர் சொல்லிவிட்டார் என்பது மிகை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள் என்பதே அம்முன்னோர்களுக்குப் போதுமான பெருமை.

கொக்கிப்புழுவை ஐயத்திற்கிடமின்றி முதலில் கண்டவர் மிலான் நகர மருத்துவர் ஆஞ்சலோ டுபினி. 1838இல் ஓர் உடலை அறுத்து ஆராய்கையில் அதைக் கண்டார். பின்னர் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானியர் கிரீசிங்கர், எகிப்தியரை வெளிறச்செய்து வாட்டிய சோகை நோய்க்கு இப்புழுவே காரணம் என 1854இல் எழுதினார். குடற்சுவரில் ஏராளமான புழுக்கள் கவ்வியிருந்தன. கவ்விய இடமெல்லாம் இரத்தப்புள்ளி.

ஆனால் புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது? வாய்வழியாகத்தான் என்று அனைவரும் எண்ணினர். கெய்ரோ மருத்துவப் பள்ளியின் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளரின் கையில், 1890-களின் பிற்பகுதியில், இளம்புழுக்கள் நிறைந்த நீர்த்துளி ஒன்று தவறி விழுந்தது. அந்த இடம் சிவந்து எரிந்தது. நீரைத் துடைத்துப் பார்த்தபோது புழுக்களில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. தோலுக்குள் போய்விட்டனவோ என்று ஐயுற்றார். தம் மலத்தையே தொடர்ந்து சோதித்து வந்தார். சில வாரங்களுக்குப் பின் அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன! பிறகு, அறுவையில் கால் நீக்கப்படவிருந்த ஒரு சிறுவனின் காலில் அப்புழுக்களை இட்டு, நீக்கிய பின் அத்தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவை தோலைத் துளைத்துச் சென்றிருந்ததைக் கண்டார். (இன்று எந்த மருத்துவ அறமும் இத்தகைய சோதனைக்கு எளிதில் இசையாது.)

மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் பொரிகிறது. இளம்புழு முதலில் மண்ணிலுள்ள பாக்டீரியாவைத் தின்று வளர்கிறது. மண்ணில் தன்னிச்சையாக வாழ்ந்த புழுக்களிலிருந்தே இவ்வினம் வந்தது என்று உயிரியலாளர் கூறுவதற்கு இதுவும் ஒரு சான்று. பின்னர் உண்ணாமல், ஒரு வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது. தோல்வழி புகுந்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வகையின் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். சொற்பம்தான். நூறு புழுக்கள் பல்லாண்டுகள் குடித்தால்? அவ்வகைக்கு அமெரிக்கரான ஸ்டைல்ஸ் இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'அமெரிக்கக் கொலையாளி'. அடிமைக் கப்பல்களில்தான் அது ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்றது என்று பின்னர் கருதப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

நீர்த்துறை, மக்கள் நடக்கும் வழி, நிழல் ஆகிய இடங்களில் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஈரமும் நிழலும் மனித நடமாட்டமும் உள்ள மண்ணே இப்புழுவின் வாழிடம். இதை அறிவியல் முன்னறிவிப்பு என்று முழங்க நான் விரும்பவில்லை. பிறருக்குத் தீங்கிழைக்காதே என்பதே அதன் தெளிவான கருத்து, அது போதும்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1920இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஆய்வைத் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு மண்டபம் முகாமில் புழுநீக்க மருந்து புகட்டப்பட்டது. கோவை மாவட்டத்து வால்பாறையிலும் காடழித்துத் தேயிலை நட்ட காலம் ஏறத்தாழ அதுவே. கோவைச் சமவெளியின் வறண்ட வெயிலில் இளம்புழு விரைவில் மடியும். மழை ஓயாத மலைச்சரிவின் தேயிலை நிழலோ அது செழிப்பதற்கு ஏற்ற இடம். சமவெளியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அந்த மண்ணில்தான் வெறுங்காலுடன் நின்று கொழுந்து பறித்தார்கள். தொழிலாளி வெளிறிச் சோர்ந்தால், நோய் என்று கருதாமல் சோம்பல் என்று ஏசும் வழக்கம் அன்று உலகின் பல பகுதிகளில் இருந்தது.

அந்த மலையின் கதை மனிதரோடு முடியவில்லை. துண்டுதுண்டாகிப்போன ஆனைமலைச் சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்குகளின் கழிவைச் சேகரித்து, ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். மனிதக் குடியிருப்பை ஒட்டிய காட்டுத்துண்டுகளில் வாழும் குரங்குகளிடம் குடல் ஒட்டுண்ணிகள் மிகுந்திருந்தன. மரக்கிளைகளிலேயே வாழ்ந்து பழகிய உயிர், காடு சுருங்கியதால் தரைக்கு இறங்க நேர்ந்துவிட்டது.

"நோயே இல்லாத பிள்ளைக்கு ஏன் மாத்திரை, உஸ்தாத்?" என்று மக்தபுக்கு வரும் தாய்மார்கள் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோலைப் பற்றிய கேள்வி இது. புழு குறைவாக இருக்கும்போது வலியோ காய்ச்சலோ தெரியாது. இரத்தமும் படிப்பில் கவனமும் மட்டும் மெல்லக் குறையும். மாத்திரை குடலிலுள்ள புழுவைத்தான் கொல்லும், மண்ணிலிருப்பதை அன்று. ஆகவேதான் அது மீண்டும் மீண்டும் தரப்படுகிறது. ஆகவேதான் கழிப்பறையும் செருப்பும் அதனுடன் சேர்ந்தே வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுவரை அரை மாத்திரை, அதற்குமேல் 19 வயதுவரை 400 மில்லிகிராமில் ஒன்று. சிறு குழந்தைகளுக்குப் பொடித்து நீரில் கலந்து தர வேண்டும்; பெரிய பிள்ளைகள் நன்கு மென்று விழுங்க வேண்டும். புழு மிகுதியாக உள்ள பிள்ளைக்குச் சிறிது வயிற்றுவலியோ குமட்டலோ வந்து அடங்கக்கூடும். அன்று காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்குத் தர வேண்டாம். விடுபட்டவர்களுக்கென அடுத்து வரும் நாளில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.