மலிவு கிட்டார்: ஜப்பான் காப்பியிலிருந்து இந்தோனேசியா வரை

கிட்டார் பற்றிப் பேசும்போதெல்லாம் உங்களிடமிருந்து தவறாமல் வருகிற ஒரு கேள்வி இருக்கு. 15,000 ரூபாய்க்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கிடைக்குது, பின்னாடி 'மேட் இன் இந்தோனேசியா'ன்னு போட்டிருக்கு, நம்பி வாங்கலாமா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கேள்விக்குச் சுமார் 60 வருஷ வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, கடையில் எதைப் பார்க்கணும் என்பது தானாகவே புரியும்.

சியர்ஸ் கடையில் ஜப்பான்

1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்த பிறகு, அங்கே பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டியிருந்தது. ஃபெண்டரும் கிப்சனும் பெரும்பாலான வீடுகளின் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஜப்பான். டெய்ஸ்கோ போன்ற நிறுவனங்கள் செய்த கிட்டார்கள் கப்பலில் வந்து இறங்கின. சியர்ஸ் மாதிரியான பெரிய கடைகள் அவற்றைத் தங்கள் சொந்த பிராண்ட் பெயரில் விற்றன.

அந்த கிட்டார்கள் எப்படி இருந்தன? பார்க்கப் பளபளப்பு, ஏகப்பட்ட சுவிட்சுகள். ஆனால் பலவற்றில் கழுத்து தடிமன், கம்பிகள் ரொம்ப உயரம், ட்யூனிங் நிற்காது. அதே சமயம், சிகாகோ ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் இந்த மாதிரி ஜப்பான் கிட்டார்களை வைத்தே தன் பெயரை நிலைநாட்டினார். டெய்ஸ்கோவின் 'கோல்ட் ஃபாயில்' பிக்கப்பை ரை கூடர் தன் ஃபெண்டரில் பொருத்தினார். அதன் பிறகு அந்தப் பிக்கப்பைத் தேடி அலைய ஆரம்பித்தார்கள்.

இதை நான் ஒரு இன்ஜினியராகப் பார்க்கிறேன். மொத்த கிட்டாருக்கும் சேர்த்து 'தரம்' என்று ஒரே மார்க் போட முடியாது. பிக்கப் அருமையாகவும் கழுத்து மோசமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி மார்க்தான் போட வேண்டும்.

மாட்சுமோட்டோவின் மரவேலைக்காரர்கள்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் மாட்சுமோட்டோ என்று ஒரு ஊர். மரவேலைக்குப் பேர் போனது. அங்கே இருந்த மாட்சுமோகு நிறுவனம், கிட்டாருக்கு வருவதற்கு முன் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது. அதே ஊரில் 1960-இல் தொடங்கியது ஃபுஜிகென். இபனேஸ் என்ற பெயரில் நாகோயாவின் ஹோஷினோ நிறுவனம் விற்ற கிட்டார்களைச் செய்தது இவர்கள்தான்.

1970-களின் தொடக்கத்தில் இபனேஸ் செய்த லெஸ் பால் காப்பிகள் வெளித்தோற்றத்தில் மட்டும்தான் லெஸ் பால். கிப்சனில் கழுத்தை உடலோடு ஒட்டியிருப்பார்கள். இதில் போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். வளைந்த மேல்பலகை பல மாடல்களில் அழுத்தி வளைத்த ப்ளைவுட், அதற்கடியில் வெற்றிடம். ஆனால் நாலைந்து வருஷத்தில் உள்கட்டமைப்பையும் கற்றுக்கொண்டார்கள். கழுத்தை ஒட்டினார்கள், நல்ல மரம் போட்டார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது. ஃபெண்டரை 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 1970-களில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தைப் பிடிக்கும் நாலு திருகு மூன்றாகக் குறைந்தது. மூன்று திருகு என்ற ஐடியாவில் தப்பில்லை. ஆனால் கழுத்து உட்காரும் பள்ளத்தைச் சரியாகக் குடையாவிட்டால், கழுத்து பக்கவாட்டில் நகரும். பல கிட்டார்களில் அதுதான் நடந்தது. அசல் சறுக்கிக்கொண்டிருந்தது, காப்பி முன்னேறிக்கொண்டிருந்தது.

அந்த வழக்கு

1977 ஜூனில், கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் மீது பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. எதைப் பற்றி? கிட்டாரின் தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றி. ஒலிக்கும் தரத்துக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லாத இடம் அது! அதற்குள் இபனேஸ் தலை வடிவத்தை மாற்றவும் தொடங்கிவிட்டது. 1978-இன் தொடக்கத்தில் சமரசமாக முடிந்தது.

இதில் வேடிக்கை, கிப்சன் குடும்பத்தின் இன்னொரு பிராண்டான எபிஃபோன் 1970 முதலே அதே மாட்சுமோட்டோவில், மாட்சுமோகு தொழிற்சாலையில்தான் தயாரானது. இன்றைக்கும் பழைய ஜப்பான் கிட்டார் எதை விற்றாலும் 'லாசூட் கிட்டார்' என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். உண்மையில் அந்த வழக்கு ஒரே ஒரு நிறுவனத்தைத்தான் தொட்டது. அந்த வார்த்தையைக் கேட்டால் கொஞ்சம் உஷாராகிடுங்க.

ஃபெண்டர் வேறு வழியில் போனது. 1982-இல் ஜப்பான் கூட்டாளிகளுடன் சேர்ந்து 'ஃபெண்டர் ஜப்பான்' தொடங்கி, தயாரிப்பை ஃபுஜிகென்னிடம் கொடுத்தது. மலிவு வரிசைக்கு ஸ்குவையர் என்று பெயர். நேற்றுவரை பிறர் பெயரில் காப்பி செய்த கைகள், இப்போது அதிகாரபூர்வமாக ஃபெண்டர் செய்தன. அந்த ஆரம்பகால ஸ்குவையர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். 1985-இல் சி.பி.எஸ். ஃபெண்டரை அதன் நிர்வாகிகளிடமே விற்றது. விலை 1.25 கோடி டாலர். வாங்கிய விலையைவிடக் குறைவு, அதுவும் 20 வருஷம் கழித்து.

மலிவின் பில்லை யார் கட்டுகிறார்கள்?

1985-இல் ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1987 முடிவில் சுமார் 120. ஜப்பான் கிட்டார் திடீரென்று மலிவு கிட்டாராக இல்லாமல் போனது. ஆர்டர்கள் கொரியாவுக்குப் போயின, அங்கே சம்பளம் உயர்ந்ததும் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும். பல பெரிய பிராண்டுகளுக்கு கிட்டார் செய்து கொடுத்த கோர்ட் நிறுவனம், 2007-இல் கொரியத் தொழிற்சாலைகளை மூடத் தொடங்கியது. வேலை இழந்தவர்களின் போராட்டம் 2019 வரை நீண்டது. அவர்களில் சிலர் சேர்ந்து ஒரு இசைக்குழுவே தொடங்கினார்கள்.

அதனால் நான் நாட்டின் பெயரைப் பார்ப்பதில்லை. எதைக் குறைத்து இந்த விலை வந்தது என்றுதான் பார்க்கிறேன். உடலையும் கழுத்தையும் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் மெஷின் வெட்டுகிறது. அது எந்த நாட்டில் இருந்தாலும் துல்லியமாகவே வெட்டும். குறைவது உதிரிபாகங்களின் தரம், தொழிலாளியின் கூலி, ஒரு கிட்டாருக்கு அவர் செலவிடும் நிமிடங்கள். ஃப்ரெட்டின் முனையைத் தேய்ப்பது, நட்டில் கம்பி உட்காரும் காடியை அறுப்பது எல்லாம் அந்த நிமிடங்களில்தான் நடக்கும்.

கடையில் என்ன பார்க்கலாம்?

தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நேராகப் பாருங்க. முறுக்கிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வந்துடுங்க. முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் கழுத்தின் ஓரத்திலிருந்து ஒரே அளவு தள்ளி இருக்கா? ஒரு பக்கம் விளிம்பை ஒட்டி ஓடினால், கழுத்து சரியாக உட்காராமல் இருக்கலாம். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசிங்க; எங்கேயாவது சத்தம் செத்துப்போகுதா, கரகரக்குதான்னு கேளுங்க. விரலைக் கழுத்தோரமாக ஓட்டினால் ஃப்ரெட் முனை கீறக்கூடாது.

நட், பிக்கப், ட்யூனர், கரகரக்கும் வால்யூம் குமிழ் இதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முறுக்கிய கழுத்தைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு கிட்டாரே வாங்கிடலாம். ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் எடுத்துப் பாருங்க. அந்தக் கடைசி நிமிட வேலை ஒவ்வொன்றிலும் வேறுபடும்.

செட்டப்புக்குன்னு கொஞ்சம் பணம் தனியா எடுத்து வைங்க. தொழிற்சாலையில் மிச்சம் பிடித்த நிமிடங்களை ஊரில் ஒரு நல்ல மெக்கானிக் ஈடுகட்டிவிடுவார். ஜப்பானையும் கொரியாவையும் ஒரு காலத்தில் இளக்காரமாகப் பார்த்தவங்க இப்போ அந்த கிட்டார்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறாங்க. இந்தோனேசியாவை அப்படிப் பார்க்கும் முன் கையில் எடுத்து வாசித்துப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.