வேலிக்கு இரு புறமும் அதே கைகள்

1972 இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் சில வார இடைவெளிக்குள் மூன்று காமிக்ஸ் இதழ்கள் வந்தன. மார்வெலின் ‘அமேசிங் அட்வென்ச்சர்ஸ்’ 16, டி.சி.யின் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’ 103, மறுபடியும் மார்வெலின் ‘தோர்’ 207. ஒன்றை மட்டும் வாங்கியவருக்கு அது முழுமையான கதை. மூன்றையும் வாங்கி அடுத்தடுத்துப் படித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

மூன்று கதைகளும் வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்ட் என்ற சிறிய ஊரில், ஒரே ஹாலோவீன் இரவில் நடக்கின்றன. அந்த ஊரில் ஆண்டுதோறும் ஹாலோவீன் ஊர்வலம் உண்டு. டாம் ஃபேகன் என்ற உள்ளூர் ரசிகர் அதில் சூப்பர் ஹீரோ வேடங்களைப் புகுத்தி, ஊர்வலத்தைக் காமிக்ஸ் திருவிழாவாகவே மாற்றியிருந்தார். நியூயார்க்கிலிருந்து எழுத்தாளர்களும் ஓவியர்களும் காரேறி அங்கே போவார்கள். அப்படிப் போய்வந்த ஸ்டீவ் எங்கல்ஹார்ட், ஜெர்ரி கான்வே, லென் வீன், அவர் மனைவி கிளினிஸ் ஆகிய நால்வரும் அந்த மூன்று இதழ்களிலும் பாத்திரங்களாகவே வருகிறார்கள். மார்வெல் இதழில் ஊர்வலத்துக்கு வந்து சேர்பவர்கள், டி.சி. இதழிலும் அதே தெருக்களில் நடமாடுகிறார்கள். முதல் இதழை எங்கல்ஹார்ட்டும், இரண்டாவதை வீனும், மூன்றாவதைக் கான்வேயும் எழுதினார்கள். கான்வேக்கு அப்போது 20 வயது.

ஒப்பந்தம் இல்லை, விளம்பரம் இல்லை, அட்டையில் ஒரு வரிகூட இல்லை. ஒரு நிறுவனத்தின் நாயகன் பெயரை இன்னொரு நிறுவனத்தின் இதழ் உச்சரிக்கவும் இல்லை. ஆனாலும் பீஸ்ட், பேட்மேன், தோர் மூவரும் அன்றிரவு ஒரே ஊரில் இருந்தார்கள் என்பதை வாசகன் தானே கண்டுகொள்ளலாம். மார்வெலும் டி.சி.யும் சந்தித்த கதை 1976-ல் தொடங்குகிறது என்று பொதுவாக எழுதுவார்கள். என்னைக் கேட்டால் அது இந்த ரட்லண்ட் இரவில்தான் தொடங்குகிறது.

இதற்கும் முன்பே ஒரு கண்ணாமூச்சி நடந்திருக்கிறது. 1969-ல் மார்வெலின் ராய் தாமஸ் ‘அவெஞ்சர்ஸ்’ இதழில் ‘ஸ்குவாட்ரன் சினிஸ்டர்’ என்றொரு வில்லன் கூட்டத்தை இறக்கினார். அதில் ஹைபீரியன் என்பவன் சூப்பர்மேனின் அச்சு, நைட்ஹாக் பேட்மேனின் அச்சு. 1971-ல் டி.சி. பக்கம் மைக் ஃபிரெட்ரிக் பதில் மரியாதை செய்தார். ‘ஜஸ்டிஸ் லீக்’ 87-ஆம் இதழில் வேறொரு கிரகத்திலிருந்து வந்த நாயகர்கள், தோரையும் ஸ்கார்லெட் விட்சையும் குவிக்சில்வரையும் அப்படியே நினைவூட்டினார்கள். முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டார்கள்.

முதலாளிகளின் போட்டியும் விசித்திரமானதுதான். 1957-ன் விநியோக நெருக்கடியைச் சில வாரங்களுக்கு முன் பார்த்தோம். தன் இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுசெல்ல ஆளில்லாமல் தவித்த மார்வெல் முதலாளி மார்ட்டின் குட்மேன், கடைசியில் போய் நின்றது இன்டிபென்டன்ட் நியூஸ் வாசலில். அது டி.சி.யின் சகோதர நிறுவனம். மாதத்துக்கு எட்டு இதழ்களுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். 1962-ல் ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய இதழைக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்ததும் போட்டியாளரின் நிறுவனமே. அறுபதுகளின் கடைசியில்தான் மார்வெல் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டது. அதன்பிறகு விற்பனையில் டி.சி.யை முந்தியது.

இந்த நிலையில்தான் டேவிட் ஆப்ஸ்ட் என்ற இலக்கிய முகவர் இரு தரப்பையும் அணுகினார். மார்வெலில் ஸ்டான் லீ, டி.சி.யில் கார்மைன் இன்ஃபான்டினோ. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே படத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டது சினிமாவை மனத்தில் வைத்து. இரு நாயகர்களுக்கும் தனித்தனியாகத் திரைத் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அது நடக்கவில்லை. சினிமா இல்லாவிட்டால் காமிக்ஸாகவே போடலாமே என்று முடிவானது. அதற்கு முன் 1975-ல் இரு நிறுவனங்களும் சேர்ந்து ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படக்கதையை வெளியிட்டிருந்தன. ஆனால் அதில் இரு தரப்பு நாயகர்களில் யாரும் இல்லை.

கதை எழுத அழைக்கப்பட்டவர் ரட்லண்ட் நால்வரில் ஒருவரான ஜெர்ரி கான்வே. ஸ்பைடர்மேன் தொடரில் குவென் ஸ்டேசியைச் சாகடித்தவர். அதற்குள் டி.சி.க்கு இடம் மாறியிருந்தார். ஓவியர் ராஸ் ஆண்ட்ருவும் இரு நாயகர்களையும் வரைந்து பழகியவர். மை தீட்டியவர் டிக் ஜியார்டானோ. பெரிய அளவில் ஏறத்தாழ நூறு பக்கங்கள், விலை 2 டாலர். சாதாரண இதழ் அப்போது 25 சென்ட்தான்.

புத்தகம் கைக்கு வந்தால் முதலில் கவனிக்க வேண்டியது அதன் சமநிலை. முதல் முன்கதையில் சூப்பர்மேன் லெக்ஸ் லூத்தரைப் பிடிக்கிறார். இரண்டாவதில் ஸ்பைடர்மேன் டாக்டர் ஆக்டோபஸைப் பிடிக்கிறான். மூன்றாவதில் அந்த இரண்டு வில்லன்களும் சிறையில் சந்திக்கிறார்கள். அட்டையில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு மேலே இருவரும் ஒருவரையொருவர் நோக்கிப் பாய்கிறார்கள். ஒருவர் உருவம் மற்றவரைவிடப் பெரிதாகிவிடாதபடி வரைந்திருக்கிறார்கள். சூப்பர்மேன் பெயர் முதலில் வருகிறது, 1938-லேயே பிறந்தவர் என்பதால்.

கான்வேக்கு முன்னால் இருந்த பெரிய சிக்கல் வேறு. மலையைத் தூக்குகிற சூப்பர்மேனை ஸ்பைடர்மேன் எப்படி அடிப்பான்? ஒரே அடியில் சண்டை முடிந்துவிடுமே. அவர் கண்ட வழி அழகானது. சூப்பர்மேன் வேடத்தில் வந்த லூத்தர், லோயிஸ் லேனையும் மேரி ஜேனையும் கடத்திவிடுகிறான். பழி சூப்பர்மேன் மேல் விழுகிறது. கொதிக்கும் ஸ்பைடர்மேன் மீது லூத்தர் மறைந்திருந்து சிவப்புச் சூரியக் கதிரைப் பாய்ச்சுகிறான். அதன் பலத்தில் ஸ்பைடர்மேனின் அடியில் சூப்பர்மேனே பின்னால் போய் விழுகிறார். கோபத்தில் அவர் திருப்பி ஓங்கிய குத்தைத் தன் முழு பலம் நினைவுக்கு வந்து பாதியிலேயே நிறுத்துகிறார். குத்து படவில்லை, அது கிளப்பிய காற்றே ஸ்பைடர்மேனைத் தூக்கி எறிகிறது. சற்று நேரத்தில் கதிரின் வீரியம் வடிகிறது. ஸ்பைடர்மேன் குத்துகிறான், குத்துகிறான், அவன் கைதான் வலிக்கிறது. சூப்பர்மேன் அசையாமல் நிற்கிறார். அப்போதுதான் இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். வெற்றி யாருக்கும் இல்லை, ஆனால் ஒவ்வொருவரும் யார் என்பது அந்தச் சில பக்கங்களில் முழுசாகத் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பக்கங்களில் பெயர் போடாத கைகளும் உண்டு. ஆண்ட்ரு வரைந்த சூப்பர்மேனை நீல் ஆடம்ஸ் ஆங்காங்கே திருத்தினார். பீட்டர் பார்க்கரின் முகங்களை ஜான் ரொமீட்டா தொட்டுச் சரிசெய்தார். அதே நீல் ஆடம்ஸ் அந்த 1975-ன் கடைசி மாதங்களில் வேறொரு வேலையிலும் இருந்தார். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு, முதுமையில் வறுமையில் கிடந்தார்கள். ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் அவர்களுக்காகப் பத்திரிகைகளில், தொலைக்காட்சியில் நியாயம் கேட்டார்கள். டிசம்பர் 1975-ல் டி.சி.யின் உரிமையாளரான வார்னர் இறங்கிவந்து, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தருவதாகவும், படைத்தவர்கள் என்று பெயர் போடுவதாகவும் ஒப்புக்கொண்டது. சில வாரங்கள் கழித்து, 1976 தொடக்கத்தில், அந்த இரு நாயகர்கள் மோதும் இதழ் வெளிவந்தது. காகிதத்தில் நாயகர்கள் உலகைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, அவர்களைப் படைத்தவர்களைக் காப்பாற்ற இன்னொரு ஓவியர்தான் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சில ஆண்டுகள் பாதை எளிதாக இருந்தது. 1981-ல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் மறுபடி சந்தித்தார்கள். அதே ஆண்டு பேட்மேனும் ஹல்க்கும் மோதினார்கள். 1982-ல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதி வால்ட் சைமன்சன் வரைந்த எக்ஸ்-மென், டீன் டைட்டன்ஸ் சந்திப்பு இந்த வரிசையில் தலைசிறந்தது. அடுத்து ஜஸ்டிஸ் லீகும் அவெஞ்சர்ஸும் என்று அறிவித்தார்கள். கான்வே கதை அமைத்தார். ஜார்ஜ் பெரெஸ் இருபது பக்கங்களுக்கு மேல் பென்சிலில் வரைந்தும் விட்டார். மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் கதையில் தர்க்கம் இல்லை என்று திருப்பினார். கடிதங்கள் பறந்தன. தவறு உங்களுடையது, உங்களுடையது என்று இரு தரப்பும் அச்சிலேயே குற்றம் சாட்டிக்கொண்டன. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. வரைந்த பக்கங்கள் அலமாரிக்குப் போயின.

1996-ல் பெரிய அளவில் சேர்ந்தபோது காரணம் பணமுடை. காமிக்ஸ் சந்தை சரிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மார்வெல் திவால் மனுவே போட்டது. ‘டி.சி. வெர்சஸ் மார்வெல்’ நான்கு இதழ்கள், பதினொரு சண்டைகள், அவற்றில் ஐந்தின் முடிவு வாசகர் வாக்குப்படி. ஸ்டார்ம் வொண்டர்வுமனை வென்றார். அது கதையின் நியாயம் அல்ல, எக்ஸ்-மென்னுக்கு அன்றிருந்த செல்வாக்கு. அதே திட்டத்தில் பிறந்த ‘அமால்கம்’ இதழ்கள் மட்டும் எனக்குப் பிடிக்கும். பேட்மேனையும் வுல்வரினையும் குழைத்து ‘டார்க் கிளா’, சூப்பர்மேனையும் கேப்டன் அமெரிக்காவையும் குழைத்து ‘சூப்பர் சோல்ஜர்’. யார் ஜெயிப்பார் என்ற கேள்வியையே விட்டுவிட்டு விளையாடிய விளையாட்டு அது.

பெரெஸ் அந்த இருபது பக்கங்களை மறக்கவில்லை. 2000-த்தில் கிராஸ்ஜென் என்ற வேறு நிறுவனத்தில் சேர்ந்தபோதுகூட, ஜஸ்டிஸ் லீக், அவெஞ்சர்ஸ் இதழ் என்றைக்காவது வந்தால் அதை வரைய விடவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். 2003-ல் அந்த நாள் வந்தது. கர்ட் பியூசிக் எழுத, பெரெஸ் வரைந்தார். இதழுக்கு இதழ் தலைப்பு மாறியது. ஒன்றில் ஜஸ்டிஸ் லீக் முதலில், அடுத்ததில் அவெஞ்சர்ஸ் முதலில். மூன்றாம் இதழின் அட்டையில் இரு அணிகளிலும் அதுவரை இருந்த எல்லாரையும், இருநூறுக்கும் மேற்பட்டவர்களை, ஒருவரையும் விடாமல் வரைந்தார்.

பியூசிக் செய்த நல்ல காரியம், சண்டைக்குக் காரணத்தை இரு உலகங்களின் இயல்பிலேயே தேடியது. மார்வெல் உலகுக்கு வரும் சூப்பர்மேன், இவ்வளவு அழிவு நடக்க இங்குள்ள நாயகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வெகுள்கிறார். டி.சி. உலகுக்குப் போகும் கேப்டன் அமெரிக்கா, அங்கே நாயகர்களுக்கு எழுப்பிய அருங்காட்சியகங்களைப் பார்த்து, இவர்கள் மக்களைக் கும்பிட வைத்திருக்கிறார்கள் என்று சினக்கிறார். இரண்டுமே முழு உண்மை இல்லை, இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பேட்மேனும் கேப்டனும் மோதும் இடம் சில கட்டங்கள்தான். நாலைந்து அடிகளில் ஒருவர் திறமையை ஒருவர் எடைபோட்டு, இதை இழுத்துக்கொண்டு போவதில் பயனில்லை என்று நிறுத்திவிட்டு, நடப்பது என்னவென்று சேர்ந்து துப்பறியக் கிளம்புகிறார்கள். 1983-ல் இரண்டு அலுவலகங்களால் முடியாததை இந்த இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் செய்துகாட்டுகிறார்கள். அலமாரிக்குப் போன பழைய பக்கங்களும் 2004 தொகுப்பில் அச்சேறின.

அதன்பிறகு நீண்ட மௌனம். 2009-ல் டிஸ்னி மார்வெலை வாங்கியது. டி.சி. வார்னரிடம் இருந்தது. இரண்டு பெரும் சினிமா நிறுவனங்களுக்கு நடுவே ஒரு காமிக்ஸ் இதழுக்கு இடமில்லாமல் போனது. டிசம்பர் 2021-ல் பெரெஸ் தனக்குக் கணையப் புற்றுநோய் என்று அறிவித்தார். நலிந்த காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்பின் வழியாக அந்தத் தொகுப்பை மறுபதிப்பு செய்ய இரு நிறுவனங்களும் சம்மதித்தன. மார்ச் 2022-ல் 7,000 பிரதிகள் வந்தன. மே 6 அன்று பெரெஸ் காலமானார். வெறும் 7,000 பிரதிகள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் சீகலும் ஷஸ்டரும் கைவிடப்பட்ட துறையில், ஒரு கலைஞர் உயிரோடு இருக்கும்போதே அவருக்காக இரு போட்டியாளர்களும் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள்.

2025 செப்டம்பரில் மார்வெல் ‘டெட்பூல் / பேட்மேன்’ இதழையும், நவம்பரில் டி.சி. ‘பேட்மேன் / டெட்பூல்’ இதழையும் வெளியிட்டன. யார் பெயர் முதலில் என்ற கணக்கு இன்னும் மாறவில்லை.

அடுத்த இதழில், 1992-ல் ஏழு ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியேறி, தங்கள் பாத்திரங்கள் தங்களுக்கே சொந்தம் என்று அறிவித்த இமேஜ் காமிக்ஸின் கதை.

(தொடரும்)