நாலு சக்கரமும் சுத்துற வண்டியும் எங்கப்பா கேட்ட கேள்வியும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இது கார் விமர்சனப் பதிவு இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி. பொறுமை இருக்கறவங்க மேல படிக்கலாம் :-)

செகண்ட் ஹேண்ட்ல ஒரு பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 பார்த்து வச்சிருந்தேன். 2018 மாடல், டீசல், ஆல் வீல் டிரைவ். பொட்டி தட்டி சேர்த்த காசு பாதி, லோன் மீதின்னு கணக்கும் போட்டாச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட போட்டோவைக் காட்டினேன். ஊர்னா திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற வழியில, பெருமுக்கல் மலைக்குப் பக்கத்துல.

அப்பா போனைத் தூரமாப் பிடிச்சுப் பார்த்தார். "அது என்னடா ஆல் வீலு?"

"நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் பவர் போகும்பா. சேத்துல மாட்டாது."

"நீ எங்கடா சேத்துல ஓட்டப் போற?"

என்கிட்ட பதில் இல்லை. அன்னைக்கு சாயங்காலம் மலை மேல ஏறி உக்காந்து யோசிச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் ராத்திரில தோண்டித் துருவிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல மலையைப் பத்தி. பெருமுக்கல் மேல முக்தியாலீசுவரர் கோயில் இருக்கு. குகையில ஆதி மனுஷங்க கீறி வச்ச பாறைக் கீறல்கள் இருக்கு. இடிஞ்ச கோட்டைச் சுவரும் இருக்கு. பிரிட்டிஷ் ஆவணங்கள்ல 'பெர்மகோயில்'னு வர்றது எங்க ஊர்தான். 1760 ஜனவரில வந்தவாசிப் போர்ல பிரெஞ்சுக்காரங்களைத் தோற்கடிச்ச ஐர் கூட், அதே வருஷம் இந்தக் கோட்டையையும் பிடிச்சார். அடுத்த வருஷம் புதுச்சேரி விழுந்துச்சு. இருபது வருஷம் கழிச்சு ஹைதர் அலி காலத்துல அதே கூட் கிழவனாத் திரும்பி வந்தார். 1781 ஜனவரில சென்னையிலேர்ந்து கிளம்பி செங்கல்பட்டு, கருங்குழி, வந்தவாசி, பெருமுக்கல்னு ஒவ்வொரு கோட்டையா மீட்டார். நாம இப்ப ஜிஎஸ்டி ரோட்ல போற வழியை ஒட்டித்தான் கிட்டத்தட்ட அந்தப் படையும் நடந்திருக்கு. மறு வருஷமே, 1782ல, ஹைதர் பெருமுக்கல்லைப் பிடிச்சுட்டார்ங்கறது தனிக்கதை.

அந்தப் படையெடுப்பு முழுக்க கூட் புலம்பினது ஒரே விஷயத்துக்குத்தான்: மாடு. பீரங்கி இழுக்க, அரிசி மூட்டை சுமக்க மாடு கிடைக்கலை. ஹைதரோட குதிரைப்படையைத் துரத்திப் போக முடியலை. ஜெயிச்ச சண்டையிலகூட முழுப் பலனை எடுக்க முடியலை. அந்தக் காலத்து இந்தியப் படைகள்ல, முன்னால மாட்டு ஜோடிகள் இழுக்கும். பீரங்கி சேத்துல இறங்கிட்டா யானை பின்னாலேர்ந்து நெத்தியால தள்ளும். முன்னாலயும் பின்னாலயும் சேர்ந்து விசை. யோசிச்சா ஆல் வீல் டிரைவோட தத்துவமே இதுதானே!

மோட்டார் காலத்துலயும் இந்த ஐடியா சேத்துலேர்ந்துதான் வந்துச்சு, ஷோரூம்லேர்ந்து இல்லை. 1941ல அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வில்லிஸ் ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும். உலகப் போர் முடிஞ்சதும் மஹிந்திரா அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. பின்னாடி டீசல் இன்ஜின் போட்டு அது கிராமத்துக்கெல்லாம் வந்துச்சு. எலக்‌ஷன், கல்யாணம், போலீஸ்னு எல்லாத்துக்கும் ஜீப்தான்.

சேத்துலேர்ந்து சொகுசுக்குப் போனது எழுபதுகளோட கடைசியில. ஃபோக்ஸ்வேகன் 'இல்டிஸ்'னு ஒரு ராணுவ வண்டி செஞ்சாங்க. 1977 வாக்குல ஃபின்லாந்துப் பனியில சோதனை ஓட்டம் நடந்தப்போ, கூட வந்த பவர்ஃபுல் ஆடி கார்களைவிட இந்த டொக்கு வண்டி பனியில நல்லாப் போறதை யோர்க் பென்சிங்கர்ங்கற ஆடி இன்ஜினியர் கவனிச்சார். அந்தச் சங்கதியை ஒரு ரோடு கார்ல வச்சா என்னன்னு கேட்டார். 1980ல ஜெனிவால 'குவாட்ரோ' வந்துச்சு. பி.எம்.டபிள்யூவும் 1985ல தன்னோட முதல் ஆல் வீல் டிரைவ் காரைக் காட்டினாங்க. 1999ல எக்ஸ்5. பத்து வருஷம் கழிச்சு அதோட குட்டித் தம்பி எக்ஸ்1.

இப்ப ஜெர்மனிலேர்ந்து நேரா ஜிஎஸ்டி ரோட்டுக்கு வருவோம். 2007 மார்ச்ல, மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியை ஒட்டி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பி.எம்.டபிள்யூ ஃபேக்டரி ஆரம்பிச்சாங்க. ஊருக்குப் பஸ்ல போறப்போ எல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். முழுக்காரா கப்பல்ல வந்தா வரி காரோட விலையையே தொடும், பார்ட்ஸா வந்து இங்க பூட்டினா ரொம்பக் குறைவு. 2011 பட்ஜெட்லேர்ந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் ரெடியா பூட்டி வந்தா அதுக்கும் கூடுதல் வரின்னு ஆச்சு. 2015ல சென்னையிலயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பி.எம்.டபிள்யூவுக்கு இன்ஜின் பூட்ட ஆரம்பிச்சதுக்குப் பின்னால இந்தக் கணக்கும் இருக்கு.

எக்ஸ்1 இந்தியாவுக்கு வந்தது 2010 டிசம்பர்ல, ஆரம்ப விலை 22 லட்சம். பார்க்க எஸ்யூவி, ஆனா அன்னைக்கு இங்க இறக்கினது பின்சக்கரம் மட்டும் தள்ளுற வண்டி! 2012ல ஆடி க்யூ3 வந்தப்போ டீசலும் குவாட்ரோவும் சேர்ந்தே வந்துச்சு. ஆனா அடுத்த வருஷமே விலையைக் குறைக்க முன்சக்கரம் மட்டும் இழுக்கற க்யூ3 ஒண்ணையும் விட்டாங்க. ஜனங்க அதையும் வாங்கினாங்க. 2016 டெல்லி ஆட்டோ எக்ஸ்போல ரெண்டாம் தலைமுறை எக்ஸ்1 வந்தப்போதான் எக்ஸ்டிரைவ்20டி கிடைச்சுச்சு. 190 குதிரைத்திறன், 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். இதுல இன்ஜின் குறுக்கால உக்காந்திருக்கும். அடிப்படையில முன்சக்கர வண்டி. நடுவுல ஒரு மல்ட்டி பிளேட் கிளட்ச் தேவைக்கேத்த மாதிரி பின்சக்கரத்துக்கும் பவரைப் பிரிச்சு அனுப்பும். நான் பார்த்து வச்சது இந்த வகைதான்.

இதோட இன்ஜின் 1995 சிசி. இந்த நம்பர்ல ஒரு சுவாரசியம் இருக்கு. காற்று மாசு காரணமா 2015 டிசம்பர் 16ல சுப்ரீம் கோர்ட், டெல்லி வட்டாரத்துல 2000 சிசியும் அதுக்கு மேலயும் உள்ள டீசல் கார்களைப் பதிவு பண்ணத் தடை போட்டுச்சு. மெர்சிடிஸ் ஜிஎல்ஏ டீசல் 2143 சிசி, மாட்டிக்கிச்சு. பி.எம்.டபிள்யூ 5 சிசில தப்பிச்சுச்சு! மஹிந்திரா சில வாரத்துலயே 1.99 லிட்டர்ல ஒரு இன்ஜின் கொண்டு வந்தாங்க. 2016 ஆகஸ்ட்ல 1 சதவீத வரியோட தடையை எடுத்துட்டாங்க.

டீசல் ஏன் சொகுசுக் கார்ல வந்துச்சுங்கறதும் கேக்க வேண்டிய கேள்விதான். 2014 அக்டோபர் வரைக்கும் டீசல் விலையை அரசாங்கம் தாங்கிப் பிடிச்சுச்சு. யாருக்காக? லாரிக்கு, பஸ்ஸுக்கு, எங்கப்பா மாதிரி இன்ஜின் வச்சு கிணத்துத் தண்ணி இறைச்சவங்களுக்கு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்த காலம் உண்டு. அந்தச் சலுகையில 25 லட்ச ரூபாய் காரும் டேங்க்கை ரொப்பிக்கிச்சு.

2013 பட்ஜெட்ல எஸ்யூவிக்குக் கலால் வரியை 27லேர்ந்து 30 சதவீதம் ஆக்கினாங்க. எஸ்யூவின்னா என்ன? நீளம் 4 மீட்டருக்கு மேல, இன்ஜின் 1500 சிசிக்கு மேல, தரையிலேர்ந்து உயரம் 170 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும். எத்தனை சக்கரம் இழுக்கணும்னு ஒரு வார்த்தை இல்லை. சட்டமே அதைக் கேக்கலை, வாங்கறவனும் கேக்கலை.

அதனால போனப்போ யாரும் அழவும் இல்லை. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 விதி வந்துச்சு. ஆடி இந்தியால டீசலையே நிறுத்திட்டாங்க. 2022ல புது க்யூ3 வந்தப்போ குவாட்ரோ இருந்துச்சு, டீசல் இல்லை. பி.எம்.டபிள்யூ எக்ஸ்1ல இதுக்கு நேர் எதிர்: 2020 மார்ச்லயும் 2023 ஜனவரிலயும் புதுசு வந்தப்போ டீசல் இருந்துச்சு, ஆல் வீல் டிரைவ் இல்லை. ரெண்டும் சேர்ந்து வேணும்னவங்களுக்கு 2021ல வந்த ஜிஎல்ஏ 220டி 4மேட்டிக் இருந்துச்சு. ஆக சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து வந்த டீசல் ஆல் வீல் எக்ஸ்1க்கு ஆயுசு நாலு வருஷம்தான். சேத்துல தேவைன்னு பிறந்த ரெண்டு விஷயம், சொகுசுக் கார்ல டிக்கிமேல ஒட்டின எழுத்தா இருந்துட்டு, வரியும் விதியும் மாறினதும் கழண்டு போச்சு.

இப்ப அப்பா கேட்ட கேள்வி. "நீ எங்கடா சேத்துல ஓட்டப் போற?"

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. எங்களுக்குப் பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. நான் சென்னையில, போனை வச்சுக்கிட்டு. வீட்டுக்குப் போன் போகலை. கிளம்பிடலாம்னு பார்த்தா திண்டிவனத்துக்கு அப்புறம் ரோடே இல்லைன்னாங்க. அன்னைக்கு என்கிட்ட எக்ஸ்டிரைவ் இருந்திருந்தாலும் ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது. நாலு சக்கரமும் இழுக்கறது பிடிமானத்துக்கு. இடுப்பளவுத் தண்ணிக்கு இல்லை. பிரேக் பிடிக்கறப்போகூட அதால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அம்மாவையும் ஆயாவையும் வீட்லேர்ந்து மேட்டுத் தெரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது பக்கத்து நிலத்து அண்ணனோட டிராக்டர். பின்சக்கரம் மட்டும் இழுக்கற பழைய டிராக்டர். டிரெய்லர்ல தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு பதினாலு பேர். நம்ம வீட்ல முட்டியளவு தண்ணி. பின்பக்கச் சுவர் அன்னைக்கு ஊறினதுதான், இப்பவும் ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது.

பொங்கலுக்கு நான் போட்டோ காட்டினப்போ அப்பா அந்தச் சுவத்துல சாஞ்சுதான் உக்காந்திருந்தார். அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு உறைக்கவே ரெண்டு வாரம் ஆச்சு.

போன ஞாயித்துக்கிழமை கார்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து பேஸ்மட்டம் மூணு அடி ஏத்தி பின்பக்கம் கட்ட எவ்வளவு ஆகும்னு கேட்டிருக்கோம். அப்பா மட்டும், "என்னடா, அந்த ஆல் வீலு என்னாச்சு?"ன்னார். "பின்னாடி பார்த்துக்கலாம்பா"ன்னேன். சிரிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

உங்க ஊர்ல வெள்ளத்தப்போ எந்த வண்டி வந்துச்சு மக்களே? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: எக்ஸ்1 வச்சிருக்கறவங்க கோச்சுக்காதீங்க. வண்டி சூப்பர். ஆசை இன்னும் போகலை :-)