ஐந்நூறு யூனிட் கோடு: திருச்சி வீடுகளின் மின்கட்டணத்தில் நிலையானது எது?

திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ குடியிருக்கும் ஒரு குடும்பம் மின்சாரத்தின் விலையை ஓராண்டுக்கு மாறாமல் கட்டிவைக்க வழியில்லை. பிரிட்டனில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் வீட்டுக்காரரே அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அந்த முடிவை மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் மாநில அரசும் எடுக்கின்றன. அவை எடுத்த முடிவு உண்மையில் எதை நிலைநிறுத்தியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முதன்மைச் சான்று ஒன்றுதான்: 2022 செப்டம்பர் 9 அன்று ஆணையம் பிறப்பித்து, மறுநாள் நடைமுறைக்கு வந்த கட்டண ஆணை. இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு முடிவுகளைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வீட்டுக் கட்டணம் அரசியல் காரணங்களால் உறைந்துகிடந்து 2022இல் அவிழ்க்கப்பட்டது என்பது ஒன்று. கூடுதலாகச் செலவழிப்போர் கூடுதலாகச் சுமக்கும்படி உயர்வு பகிரப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவது, கட்டண அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் நிற்காது.

பழைய அட்டவணையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவான வீடு முதல் 100 யூனிட்டை இலவசமாகப் பெற்றது. அடுத்த 100க்கு 2 ரூபாய், மீதி 300க்கு 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். ஆக மொத்தம் 1,130 ரூபாய். 501 ஆனதும் முழுக் கணக்குமே வேறு அட்டவணைக்குப் போய்விடும்: இலவசத்துக்கு மேல் முதல் 100க்கு 3.50, அடுத்த 300க்கு 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50. மொத்தம் 1,786.60. ஒரு யூனிட்டுக்காக 656.60 ரூபாய். ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். சித்திரை மாதத்துத் திருச்சியில் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

2022 ஆணை வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை நீக்கியது. 500 வரை செலவழிப்போருக்கு 101 முதல் 200 வரை 2.25, அடுத்து 400 வரை 4.50, பிறகு 6 ரூபாய் என்று வைத்தது. 500ஐத் தாண்டியோருக்கு 101 முதல் 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9 ரூபாய். அதற்கு மேலும் ஏறும். புதிய கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958 ரூபாய். படியின் உயரம் 656.60இலிருந்து 233 ஆகக் குறைந்தது. கட்டண உயர்வு என்றே பேசப்பட்ட ஆணை, வீட்டு பில்லில் இருந்த மிகப் பெரிய திடீர்த் தாவலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. இதைக் கவனித்தவர் குறைவு.

அந்தப் படியைக் குறைத்த செலவு யார் தலையில் விழுந்தது? இரு மாத உயர்வை வரிசையாகப் பார்க்கலாம். 300 யூனிட் வீட்டுக்கு 145 ரூபாய், 400க்கு 295, 500க்கு 595. அதன்பின் 501க்கு 171.40 என்று சரிகிறது. 600க்கு 310, 700க்கு 550. அதாவது 700 யூனிட் செலவழித்த வீட்டைவிட 500இல் நிறுத்திக்கொண்ட வீட்டுக்கு உயர்வு அதிகம். விழுக்காட்டில் இன்னும் பளிச்சென்று தெரியும்: 500க்கு ஏறத்தாழ 53, 700க்கு 18 கூட இல்லை. உயர்வு அறிவிக்கப்பட்டபோது நாளிதழ்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று வெளிவந்த பட்டியலிலேயே 500, 600, 700 யூனிட்டுகளுக்கு 297.50, 155, 275 என்ற எண்கள் அடுத்தடுத்து நின்றன. கூடுதலாகச் செலவழித்தவர் கூடுதலாகச் சுமந்தார் என்ற வாசிப்பு அந்த மூன்று எண்களைத் தாண்டிக் குதித்துவிட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

சரியாக 500இல் நிற்கும் வீடுகள் எத்தனை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் வாதத்தைத் தொடாது. கோட்டின் இருபுறமும் ஊசலாடும் வீடுகளே இங்கு முக்கியம். பனிக்காலத்தில் 480, கோடையில் 520 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பில்களுக்கும் இடையிலான வேறுபாடு முன்பு 842 ரூபாய், 2022 விகிதத்தில் 505. விகிதம் ஏறியது, ஏற்ற இறக்கம் தணிந்தது. குடும்பத்துக்கு நிலையாக வேண்டியது யூனிட் விலையைவிட பில் தொகைதான் என்றால், ஆணை கேட்ட விலைக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

இரு மாதத்துக்கு ஒருமுறை என்பதை விட்டு மாதந்தோறும் கணக்கெடுத்தால் எல்லாம் தீரும் என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. வரம்புகளைப் பாதியாக்கி, 2022 விகிதத்தில் முதல் மாதம் 170, அடுத்த மாதம் 330 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கணக்கிட்டால் 2,072.50 ரூபாய் வரும். இரு மாதம் சேர்த்தால் 1,725தான்.

உறைநிலை பற்றிய முதல் கருத்துக்கு வரலாம். ஆணை 2027 மார்ச் 31 வரைக்கானது. ஆண்டுதோறும் ஜூலை 1 முதல், ஏப்ரல் மாத நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வு அல்லது 6 விழுக்காடு, இவற்றில் குறைந்தது கூடும் என்றது. 2023இல் குறியீட்டை ஒப்பிடும் அடிப்படை மாதத்தை மாற்றி 4.7 விழுக்காடு என்பது 2.18 ஆக்கப்பட்டது, வீடுகளுக்கு அதையும் அரசே ஏற்றது. 2024இன் 4.83 வீடுகளையும் தொட்டது. 2025இன் 3.16 தொடவில்லை. மானியத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. ஆக, விதிப்படி நகரும் கட்டணம் ஆண்டுக்கொரு அரசு முடிவால் நிற்கிறது அல்லது நகர்கிறது.

சமையல் எரிவாயுவிலும் இதே கதைதான். சவூதி ஒப்பந்த விலையை ஒட்டி மாதந்தோறும் மாறக்கூடிய 14.2 கிலோ சிலிண்டரின் விலை, சென்னையில் 2024 மார்ச் முதல் 2025 ஏப்ரல் வரை 818.50இலேயே நின்றது, பிறகு 50 ரூபாய் ஏறியது. அதற்கு முன் அடக்கவிலைக்குக் குறைவாக விற்ற இழப்பை ஈடுகட்ட எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு 2022இல் 22,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மின்சாரத்தைப் போன்ற படி சிலிண்டரில் கிடையாது.

உண்மையான நிலைவிலை ஒப்பந்தம் திருவரங்கத்தில் ஓரிடத்தில் மட்டும் காணப்படுகிறது. போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடும் வீடுகளில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் ஒரே விலையாக வாங்குகிறார். குடியிருப்பவருக்குத் தாவல் கிடையாது. இலவச 100 யூனிட்டும் கிடையாது. எல்லாப் போர்ஷன்களும் ஒரே இணைப்பில் ஓடும்போது 500ஐத் தாண்டும் அபாயம் உரிமையாளருடையது, அதற்கான விலையைக் கொடுப்பவர் குடியிருப்பவர். அதிகாரபூர்வக் கட்டணத்தைவிட அதிகம் கொடுத்தும் இதைப் பலர் ஏற்கிறார்கள் என்பது, நிலைத்த தொகைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதைக் காட்டுகிறது.

2022க்குப் பின் வந்த உயர்வுகள் விகிதங்களை மாற்றின. 500 யூனிட் வரம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2022இன் 233 ரூபாய்ப் படியில் 225 ரூபாய், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இரு தரப்பாருக்கும் வெவ்வேறு விலை வைத்ததால் மட்டுமே வந்தது. அந்த நூறு யூனிட்டுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே விலை வைத்தால் படி மறையும். 501ஆவது யூனிட்டுக்கு அதன் சொந்த விலை மட்டுமே மிஞ்சும். அடுத்த கட்டண ஆணை வீடுகளுக்கு எதையாவது நிலைநிறுத்துவதாக இருந்தால், முதலில் செய்ய வேண்டியது இதுதான்.